ஏறியவர் ஒருவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குத் தங்கராஜு படியேறி வந்தார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இடைப்பட்ட நாற்பது நிமிடமும் அவர் கீழே தையற்கடை வாசலில் நின்றிருந்ததை ஹனீபா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கண்ணே. நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்."

தங்கராஜு சிரிக்கவில்லை. அறுபத்தொரு வயது. முதுகு வளையவில்லை. காலணிகளைக் கழற்றி ஒரே கோட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் அந்த மாடியறை இரஞ்சிதத்தினுடையது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தவர். ஓய்வுபெற்ற பிறகு, தாளில் ஏறிய பிழையால் அநியாயம் நேர்ந்தவர்களுக்காக அதே வேலையைச் செய்தார். ஹனீபா முன்பு டாக்சி ஓட்டியவர். இப்போது இரஞ்சிதத்துக்கு அவர்தான் கார், அவர்தான் கால், தேவைப்பட்டால் வாயும் அவர்தான்.

"சொல்லுங்க," என்றார் இரஞ்சிதம்.

"எனக்கு ஒரு பதக்கம் வரணும் மேடம். வரல. அதுகூடப் பரவாயில்ல. என் சர்வீஸ் ரெக்கார்டுல ஒரு வரி தப்பா இருக்கு. அது மாறணும்."

"எவ்வளவு நாளைக்குள்ள?"

"பத்தொன்பது நாள்."

இரஞ்சிதம் பேனாவை எடுத்தார்.

தங்கராஜு ராணுவ மருத்துவப் பிரிவில் சார்ஜன்ட். 2001 நவம்பர் ஐந்தாம் தேதி ஐ.நா. அமைதிப் பணிக்காகக் கிழக்குத் திமோர் போனார். 2002 பிப்ரவரி ஆறாம் தேதி திரும்பினார். தொண்ணூற்று நான்கு நாள். தொண்ணூறு நாள் இருந்தவர்களுக்குப் பதக்கம் உண்டு. அவருடைய ரெக்கார்டில் எண்பத்து நான்கு என்று இருந்தது.

"நடுவுல பத்து நாள் லீவுல சிங்கப்பூர் வந்தேன்னு போட்டிருக்கு. நான் வரல."

"லீவு கேட்டீங்களா?"

"நான் கேக்கல. ஜனவரி இருபதாம் தேதி அப்பா தவறிட்டார். அக்கா போன் பண்ணினதும் முகாம்லயே லீவு போட்டு, இருபத்திரண்டாம் தேதி ராணுவ விமானத்துல இடமும் வச்சிட்டாங்க. நான் அப்ப மலைமேல ஒரு கிளினிக்குல இருந்தேன். மழை. ஆத்துப் பாலம் போயிடுச்சு. ரேடியோவும் நனைஞ்சு செத்துப்போச்சு. அப்பா இறந்த செய்திய இருபத்தஞ்சாம் தேதி ஒருத்தர் நடந்து கொண்டாந்தாரு. நான் கீழ இறங்கினது பிப்ரவரி ஒண்ணு."

"மலைமேல கூட யார் இருந்தாங்க?"

"ரெண்டு பேரு, ஃபிஜி நாட்டுக்காரங்க. தேடிப் பாத்துட்டேன். ஒருத்தர் உயிரோட இல்ல. இன்னொருத்தர் எங்கன்னு தெரியல. கிளினிக் புஸ்தகம் வெள்ளத்துல போச்சு."

"சிங்கப்பூர்ல இறங்கினவங்க பேர் பதிவாயிருக்குமே?" என்றார் ஹனீபா.

"கேட்டேன். அவ்வளவு பழசு இல்லைன்னுட்டாங்க."

இரஞ்சிதம் தலையாட்டினார். "பத்தொன்பது நாள்ல என்ன?"

தங்கராஜு கோப்பைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"நான் வீட்டுக்கு ஒரே பையன். எனக்காக இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் வரைக்கும் அப்பாவை வச்சிருந்தாங்க. நான் வரல. மச்சான் கொள்ளி வச்சார். மழை, பாலம்னு சொன்னதை அக்கா முதல்ல நம்பினா. ஆறு மாசம் கழிச்சு, பதக்கம் இல்லைன்னு கடிதம் அக்கா வீட்டு முகவரிக்கு வந்துச்சு. பிரிச்சுப் படிச்சா. இருபத்திரண்டுலேருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் நான் சிங்கப்பூர்ல இருந்தேன்னு அதுல இருக்கு. அதோட சரி."

"பேச்சு இல்லையா?"

"ஊர்ல இருந்துக்கிட்டே அப்பனுக்குக் கொள்ளி வைக்காதவன் என் வாசல் மிதிக்கக் கூடாதுன்னா. இருபத்து மூணு வருஷம்."

"அப்பவே எழுதிக் கேட்டிருக்கலாம்லா," என்றார் ஹனீபா.

"கோவம். நான் சொல்றதைவிட அந்தத் தாள் பெருசான்னு கோவம்." தங்கராஜு தொண்டையைச் செருமினார். "இப்ப அக்கா மக சிவானிக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். மாலை எடுத்துக் குடுத்து, கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும். அக்கா குமரனை நிக்கச் சொல்லியிருக்கா."

"குமரன் யாரு?"

"திமோருக்கு என்கூடவே போய், என்கூடவே திரும்பினவன். ரெண்டு பேரும் செம்பவாங்ல ஒண்ணா வளந்தோம். அக்கா வீட்டுல பிள்ளை மாதிரி. யாரோ எவரோ நிக்கிறதுக்கு அவன் நிக்கட்டும்."

அவர் கோப்பைத் திறந்து ஒரு நகலை நீட்டினார். ராணுவத்திடம் கேட்டு வாங்கியது. அந்த விமானத்துக்கான லீவுப் பட்டியல். தட்டச்சில் இரண்டே பெயர்கள். தங்கராஜு, காரணம் தந்தை மரணம். குமரன், காரணம் தைப்பூசம். கீழே ஒரு குறிப்பு: ஏறியவர் ஒருவர். யார் என்று எழுதவில்லை. கடைசிக் கட்டத்தில் வேறொரு கையெழுத்து. தங்கராஜுவுக்கு எதிரே, 'ஜனவரி 31 திரும்பினார்.' குமரனுக்கு எதிரே, 'போகவில்லை.' இரண்டும் ஒரே பேனா.

ஹனீபா எட்டிப் பார்த்தார். "அப்ப குமரன்தான் போயிருப்பாரு. கிளார்க் மாத்தி எழுதிட்டான். முடிஞ்சது கதை!"

"குமரன் போகல," என்றார் தங்கராஜு. "நான் மலையிலேருந்து இறங்கின அன்னிக்கே சொன்னான். காவடி எடுக்க லீவு வாங்கியிருந்தான். நீ போக முடியாம நான் மட்டும் எப்படிப் போறதுன்னு முகாம்லயே இருந்துட்டானாம். அவன் பொய் சொல்ல மாட்டான். அப்படிப் போயிருந்தா அப்பா சாவுக்கு வந்திருக்க மாட்டானா? அப்பான்னா அவனுக்கு உசுரு. குமரன் எட்டிக்கூடப் பாக்கலன்னு அக்காவே சொல்றா."

"ரெண்டு பேரும் ஏறல. ஆனா ஒருத்தர் ஏறியிருக்காரு. பேயாண்ணே?"

"ஹனீபா," என்றார் இரஞ்சிதம். பிறகு, "அந்தச் சமயத்துல எடுத்த படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. கூடாரத்துக்கு முன்னால் ஆறு பேர். மூலையில் தேதி பதிந்திருந்தது: 2002 பிப்ரவரி 2. தமிழர் இருவரும் ஓரத்தில் தோளோடு தோளாக நின்றார்கள். இருவரும் ஒரே உயரம், ஒரே நிறம். ஒருவருக்கு அடர்ந்த முடியும் மீசையும். மற்றவர் மொட்டை. முறுக்கிய மீசை, விரிந்த சிரிப்பு, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய கரும்புள்ளிகள்.

ஹனீபா மொட்டைமேல் விரல் வைத்தார். "இது நீங்கதானே?"

"அது குமரன்."

"அப்பா தவறினது உங்களுக்குத்தானே? மொட்டை அவரு போட்டிருக்காரு?"

"அவனுக்கு நேர்த்திக்கடன். முகாம்லயே இறக்கிக்கிட்டான்."

"நீங்க போடலையா?"

"கொள்ளி வச்சவங்க எடுக்கணும். நான் எடுத்தா, காரியம் நானே செஞ்ச மாதிரி ஆயிடும்."

ஹனீபா விரலை எடுத்துக்கொண்டார்.

இரஞ்சிதம் மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பட்டியலை. பிறகு ஹனீபாவை.

"இப்ப என்ன கேட்டீங்க?"

"தப்பா ஆளைக் காட்டிட்டேன் மேடம். மன்னிச்சிடுங்க."

"இல்ல. நல்லது செஞ்சீங்க." தங்கராஜுவிடம் திரும்பினார். "இந்தக் கட்டத்தை நிரப்பினது யாரு?"

"ஃபஹத். லீவு கிளார்க். ஜனவரி இருபத்தாறாம் தேதிதான் அங்க வந்து சேந்தான். மலாய்க்காரன், தங்கமான பையன். இப்ப பிடோக்ல இருக்கான்னு கேள்வி."

தங்கராஜு போன பிறகு ஹனீபா குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒருவேளை இவரே பொய் சொல்றாரோ?"

"பொய் சொல்றவர் நாற்பது நிமிஷம் கீழ நிக்க மாட்டார். நேரா மேல வந்துடுவார்."

"அப்ப யாருதான்?"

"ஃபஹத்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். நீங்களே கேளுங்க, மலாய்ல. வண்டியை எடுங்க."

ஃபஹத் பிடோக்கில் ஒரு காப்பிக் கடையில் அகப்பட்டார். வெள்ளைத் தாடி, தொப்பி, முன்னால் பாதி குடித்த தே ஓ, பால் விடாத தேநீர். ஹனீபா முதலில் ஊர் விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார், முழங்கால் வலியையும் விசாரித்தார். இரஞ்சிதம் பொறுத்திருந்தார். கடைசியில் கேள்வி வந்தது. ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி விமானத்திலிருந்து இறங்கிய தமிழரிடம் பெயர் கேட்டீர்களா?

ஃபஹத் கோப்பையைக் கீழே வைத்தார். பட்டியலின் நகலைப் பார்த்தார். தன் கையெழுத்துதான் என்றார். பெயர் கேட்கவில்லை என்றார். வந்தவர் சீருடையில் இல்லை, சட்டையில் பெயர்ப்பட்டையும் இல்லை.

"ஏன் கேக்கல?" என்றார் ஹனீபா.

அந்த மாதிரி நேரத்தில் போய் ஒரு மனிதரிடம் பெயர் கேட்பதா என்றார் ஃபஹத். கையை மட்டும் பிடித்துக்கொண்டாராம். வந்தவரும் தலையாட்டினாராம்.

ஹனீபா அதைத் தமிழில் சொன்னார். இரஞ்சிதம் முதல் முறையாகச் சிரித்தார். தன் பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து ஃபஹத்தின் முன் வைத்தார்.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

காரில் ஏறியதும் ஹனீபா பொறுக்கமாட்டாமல் கேட்டார். "எனக்கு மட்டும் சொல்லுங்க மேடம்."

"உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதே தப்பைத்தான் செஞ்சீங்க. சனிக்கிழமை பொங்கோல் போவோம்."

தங்கராஜுவின் அக்கா பூவம்மாவின் வீடு பொங்கோலில் பதினோராவது மாடியில். சனிக்கிழமை மாலை நான்கு மணி. கூடத்தில் பட்டுப்புடவைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. குமரன் தரையில் அமர்ந்து அழைப்பிதழ் உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. மீசை அதே முறுக்கு.

பூவம்மா கம்பிக் கதவைத் திறந்தார். அறுபத்தாறு வயது, கண்ணாடி, இடுப்பில் செருகிய முந்தானை. இரஞ்சிதத்துக்கும் ஹனீபாவுக்கும் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் அவர் கை கதவிலேயே நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க. அது வெளியில நிக்கட்டும்."

"நிக்கட்டும்," என்றார் இரஞ்சிதம். "மரக்கதவை மட்டும் சாத்தாதீங்க. அவர் கேக்கணும்."

கம்பிக் கதவு மூடியது. தங்கராஜு நடைபாதையில் கைகளைப் பின்னால் கட்டி நின்றார்.

குமரன் எழுந்தார். "தங்கா, என்னடா இது?"

"உக்காருங்க குமரன்," என்றார் இரஞ்சிதம். "உங்ககிட்டதான் ஒரு கேள்வி. அந்த வருஷம் தைப்பூசத்துக்கு நீங்க முகாம்லயே மொட்டை போட்டுக்கிட்டீங்க. சரியா?"

"ஆமா. இவனும் போகல. நானும் போகல."

"அலகு யார் குத்தினாங்க?"

குமரன் பேனாவை மூடினார்.

இரஞ்சிதம் படத்தைப் பூவம்மாவிடம் கொடுத்தார். பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். "தைப்பூசம் அந்த வருஷம் ஜனவரி இருபத்தெட்டு. படம் எடுத்தது அஞ்சு நாள் கழிச்சு. குமரனோட கன்னத்தைப் பாருங்க. ரெண்டு புள்ளி. ரெண்டும் ஒரே உயரம், நேருக்கு நேர்."

"கொசுவாயிருக்கும்," என்றார் குமரன்.

"கொசு அளந்து கடிக்காது."

ஹனீபா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மொட்டையைத் தனியாப் போட்டுக்கலாம்," என்றார் இரஞ்சிதம். "ஒரு கன்னத்துல குத்தி மறு கன்னத்துல எடுக்கிற அலகைத் தனியாக் குத்திக்க முடியாது. குத்தத் தெரிஞ்சவர் வேணும். கோவில் வேணும். கூட நடக்க நாலு பேர் வேணும். அந்த முகாம்ல இருந்த தமிழர் ரெண்டே பேர். ஒருத்தர் மலைமேல. ஆக, விமானத்துல ஏறின ஒருத்தர் குமரன்."

பூவம்மா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "இல்லம்மா. இவன் ஊர்ல இருந்திருந்தா அப்பா சாவுக்கு வராம இருப்பானா? எங்கப்பா கையில சோறு தின்னவன்."

"காவடிக்கு விரதம் இருக்கிறவர் சாவு வீட்டுக்கு வருவாரா?"

பூவம்மா குமரன் பக்கம் திரும்பினார்.

"வந்திருந்தாலும் நீங்களே வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பியிருப்பீங்க. தீட்டு. இது உங்களுக்கும் தெரியும், வெளிய நிக்கிறவருக்கும் தெரியும். குமரன் அன்னிக்கு வரலைங்கிறதை ரெண்டு பேரும், அவர் ஊர்ல இல்லைங்கிறதுக்குச் சாட்சியா வச்சிருந்தீங்க. அது ஊர்ல இருந்ததுக்குச் சாட்சி. நினைச்சுப் பாக்க ரெண்டு பேருக்கும் மனசு வரல."

நடைபாதையில் தங்கராஜு கம்பியைப் பிடித்தார்.

"அப்ப தாள்ல ஏன் இவன் பேரு?" என்றார் பூவம்மா. குரல் சற்று இறங்கியிருந்தது.

"விமானம் போன அன்னிக்கு எண்ணிக்கை மட்டும்தான் எழுதினாங்க. ஏறியவர் ஒருவர். பேரை நிரப்பினது திரும்பி வந்த அன்னிக்கு, ஃபஹத்னு ஒரு கிளார்க். அவர் வந்து சேந்தே அஞ்சு நாள்தான் ஆச்சு. ரெண்டு பேரையும் முகம் பாத்ததில்ல. அவர் என்ன எழுதியிருக்கார்னு ஹனீபா படிப்பார்."

ஹனீபா தாளைப் பிரித்து, மலாயில் இருந்ததைத் தமிழாக்கிக்கொண்டே படித்தார்.

"எங்கள் புளோக்கில் பக்கத்து வீடு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் இறந்தபோது மகன் மொட்டை அடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலில் ஒருவருக்குத் தந்தை மரணம் என்று இருந்தது. விமானத்திலிருந்து இறங்கிய தமிழர் மொட்டை. அவர்தான் தகப்பனை இழந்தவர் என்று எடுத்துக்கொண்டேன். துக்கத்தில் இருப்பவரிடம் பெயர் கேட்க மனம் வரவில்லை. கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். மற்றவர் போகவில்லை என்று எழுதினேன். இதனால் ஒரு குடும்பம் பிரிந்தது என்று இன்றுதான் அறிகிறேன்."

படித்து முடித்தபோது ஹனீபாவின் காது சூடேறியிருந்தது. செவ்வாய்க்கிழமை, அதே மொட்டைமேல் விரல் வைத்து, 'இது நீங்கதானே' என்று கேட்டது அவர்தான்.

"ஃபஹத்துக்கு நம்ம வழக்கம் பாதி தெரியும்," என்றார் இரஞ்சிதம். "மீதியும் தெரிஞ்சிருந்தா மீசையைப் பாத்திருப்பார். அப்பாவுக்குக் காரியம் செஞ்சவன் தலையை வழிச்சுட்டு மீசையை முறுக்கிக்கிட்டு வர மாட்டான். அது சாமிக்குக் குடுத்த முடி."

குமரன் மடியிலிருந்த உறைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார்.

"அந்தப் பையன் என் கையைப் பிடிச்சு என்னவோ சொன்னான்," என்றார். "எதுக்குன்னு எனக்குப் புரியல. மறுநாள் தங்கா மலையிலேருந்து வந்தான். நாலு நாள் சோறு தின்னாத மூஞ்சி. அவனுக்கு வச்ச விமானத்துல நான் போய்க் காவடி எடுத்துட்டு வந்தேன்னு எப்படிச் சொல்றது? நானும் போகலடான்னேன். பாவம்னுதான் சொன்னேன்."

"உங்களுக்குப் பதக்கம் வந்தப்ப?" என்றார் இரஞ்சிதம்.

"நான் அங்க இருந்த நாளை எண்ணிப் பாத்தேன்."

"எத்தனை?"

"எண்பத்து நாலு." அவர் தலையைத் தூக்கவில்லை. "எங்கேயோ தப்பாயிருக்குன்னு தெரிஞ்சது. கம்முனு இருந்துட்டேன். நாலு நாள் கழிச்சு அக்கா அந்தக் கடிதத்தைக் காட்டினாங்க. அப்பதான் முழுசாப் புரிஞ்சது. அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும். நாளைக்குச் சொல்லலாம்னு நினைச்சேன்."

"இன்னிக்கு எழுதுங்க," என்றார் இரஞ்சிதம். "நீங்க போனீங்க, அவர் வரல. ரெண்டே வரி. ஃபஹத்தோட தாளும் இதுவும் திங்கட்கிழமை ரெக்கார்டு அலுவலகத்துல இருக்கும். எண்பத்து நாலு தொண்ணூத்து நாலு ஆகும். இதுக்கு மேல அவங்க கேக்க ஒண்ணும் இல்ல."

குமரன் எழுதினார். இரண்டு வரி எழுத நேரம் பிடித்தது. கையெழுத்துப் போட்டு இரஞ்சிதத்திடம் கொடுத்தார். அவர் படித்துப் பார்த்து, மடித்து, கோப்பில் வைத்தார்.

பூவம்மா எழுந்து போய்க் கம்பிக் கதவைத் திறந்தார். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். தங்கராஜு நிலைப்படியில் ஒரு கணம் தயங்கி, காலணியைக் கழற்றினார். ஒன்று எங்கோ கவிழ்ந்து விழுந்தது. அதை அவர் சரிசெய்யவில்லை.

பூவம்மா சமையலறைக்குள் போனார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், அழைப்பிதழ் வைத்த தட்டோடு திரும்பி வந்தார். முறையாக அழைப்பது போலவே, இரண்டு கையாலும் தம்பியிடம் நீட்டினார்.

"சிவானிக்குத் தாய்மாமன் நீதான்டா. காலையில ஆறு மணிக்கே வந்துடணும்."

"வந்துடறேன்கா."

அவர் தட்டை வாங்கிக்கொண்டார். ஹனீபா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். குமரன் மெல்ல எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

"குமரா."

அவர் நின்றார். பூவம்மா குரலை உயர்த்தவில்லை.

"வருஷா வருஷம் தீபாவளிக்கு இங்க உக்காந்து, தங்காவை மன்னிச்சிடுங்கக்கான்னு எங்கிட்ட கெஞ்சுவியே. அவன் என்ன தப்பு செஞ்சான்னு என்னை மன்னிக்கச் சொன்னே?"